மாத்திரைச் சோறு

பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ராஜாம்பாள் விடிந்ததும் விடியாததுமாகக் கேசரி கிளறி இறக்கினாள். வாழைக்காய் சீவி, பஜ்ஜிக்கு மாவும் கரைத்து வைத்தாள். விருந்துச் சோறு மட்டும் வடிக்கவில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வருகிறவர்கள் இனிப்பைத் தின்னலாம், காரத்தைக் கடிக்கலாம், காப்பியைக் குடிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் மட்டும் சம்மதம் சொன்னதாகிவிடும். அதற்கப்புறம் ஜாதகம் சரியில்லை, பெண்ணுக்கு மூக்கு சரியில்லை என்று எவன் வந்து நின்றாலும் ஊர் காதில் போட்டுக்கொள்ளாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் ராஜாம்பாள் பெண்ணைப் பெற்றவள் இல்லை, மாமியார். மாமியார்க்காரி மருமகளுக்கு மாப்பிள்ளை தேடும் கூத்தைக் கச்சிராயபாளையத்துப் பக்கம் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ராஜாம்பாளின் மகன் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் மிச்சமிருந்தது இந்த இரண்டு பெண்களும் மருமகள் செந்தமிழ்ச்செல்வியின் ரத்தத்தில் எச்.ஐ.வி. என்ற செய்தியும்தான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழக்கை மாமியாரும் மருமகளும் கொஞ்ச காலம் காரசாரமாக நடத்திப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் மண்ணுக்குள் போய்விட்டான். ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு இருவரும் ஒரே அடுப்பில் சோறாக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது செல்வி எலும்பும் தோலுமாக இருந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டாள், ஆனாலும் உடம்பு தேறவில்லை. ஒருநாள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நடத்தும் சங்கத்திலிருந்து லட்சுமியம்மாள் வந்தாள். அவளும் அதே மாத்திரையைப் பல வருஷமாகப் போடுகிறவள்தான். ஆனால் ஆள் இரட்டை நாடி, குரல் அதைவிடப் பெரிசு. வந்தவள் மாத்திரை டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள்.

"ஏம்மே, ரேசன் அரிசியும் ரசத்தண்ணியும் துன்னுக்கினு இருந்தா மாத்திர இன்னா பண்ணும் பாவம்? தோட்டத்துல முருங்க நிக்கிது. கோழி கூடத்துல சுத்துது. அணையில மீனு துள்ளுது. இத்தினியும் வெச்சிக்கினு இப்டி ஓணான் மாரி கெடக்கறியே!"

அன்றைக்குத் திட்டு வாங்கியது செல்வி. ரோஷம் வந்தது ராஜாம்பாளுக்கு. மறுநாள் முதல் மருமகளுக்கென்று தனிச் சின்னப் பானை ஏறியது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாமை அரிசி, முருங்கைக்கீரை மேலே வேர்க்கடலையை வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடி, தினம் ஒரு முட்டை, கோமுகி அணை மீன் கிடைத்த அன்று மீன், கிடைக்காத அன்று கொள்ளோ மொச்சையோ. அதற்கு வீட்டில் 'மாத்திரைச் சோறு' என்று பெயர் விழுந்தது. செல்விக்குக் கன்னம் வந்தது, கரும்பு வெட்டுக்குப் போகிற தெம்பு வந்தது. ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்த அன்று ராஜாம்பாள் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரே ஒரு குறை. செல்வி எப்போதும் தட்டில் கடைசி நாலு வாயை ஒதுக்கி வைத்துவிடுவாள். போதும் அத்தே என்பாள். ராஜாம்பாளுக்குப் பல் போய்விட்டதால் அவள் சாப்பாடு கஞ்சியோடு முடிந்துவிடும், செல்வி தனியாகத்தான் உட்கார வேண்டும். நூறு நாள் வேலையில் மத்தியானம் பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தியின் காரக்குழம்பு இன்னொருத்தியின் கஞ்சிக்குப் போகும். செல்வியின் தூக்குச்சட்டிக்கு யாரும் கை நீட்டுவதில்லை. யாரும் வைதுவிடவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவள் சட்டி வரும்போது பேச்சு வேறு பக்கம் போய்விடும், அவ்வளவுதான். செல்விக்கு அது முள்ளாகக் குத்தும்.

"தனியா துன்றவ கம்மியாத்தான் துன்னுவா" என்றாள் லட்சுமியம்மாள். "இதுக்கு மருந்து ஆஸ்பத்திரில இல்ல. கூட குந்தி துன்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

ராஜாம்பாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பாரு. உன் சங்கத்துல எதுனா ஆம்பள இல்லாமலா பூட்டான்?"

முதலில் தியாகதுருகத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பையனும் மாத்திரை போடுகிறவன்தான், கூட வந்த உறவுக்காரர்கள்தான் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் வழக்கத்துக்காகச் சாப்பிடாமல் போனார்களா, அருவருத்துக்கொண்டு போனார்களா என்று செல்விக்குக் கடைசிவரை தெரியவில்லை. அது தெரியாததுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

இரண்டாவது ஆள்தான் இன்றைக்கு வரப்போகிற கலையரசன். சின்னசேலத்துக்குப் பக்கத்து ஊர். கல்வராயன் மலைமேல் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, கீழே ஜவ்வரிசி ஆலையில் இறக்குகிற லோடு வண்டி ஓட்டுகிறான். ஆஸ்பத்திரி வரிசையில் செல்வி அவனை ஒருமுறை பார்த்திருக்கிறாள். லட்சுமியம்மாள் நம்பரைக் கொடுத்த பிறகு போனில் பேசினார்கள். காதல் பேச்செல்லாம் ஒன்றுமில்லை.

"இன்னா சாப்ட?" என்பான்.

"சோறு."

"சோறுன்னா? கொழம்பு இன்னா? தொட்டுக்க இன்னா? முட்டய பொரிச்சியா, அவிச்சியா?"

சொன்னால் கடைசிவரை கேட்பான். மலையேறும்போது கேட்டால் பசி ஜாஸ்தி ஆகுது, வண்டிய ஓரங்கட்டிட்டேன் என்பான். ஒருநாள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். அப்பா அம்மா இல்லாதவன், தாய்மாமன் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். சன்னல் கட்டையில் தனியாக இருக்கும். "ஒண்ணும் கொற சொல்ல மாட்டன். மாமா என்ன வளத்தவரு. தட்டு மட்டும் சன்னல்ல. காத்தோட்டமா இருக்குது" என்றான். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே அவன்தான் என்று மனசு முடிவு செய்துவிட்டது.

ஆனால் முடிவு அவள் மனசிடம் இல்லை, அந்தத் தாய்மாமன் பிச்சைமுத்துவிடம் இருந்தது. மாமன் சொல்லைத் தட்டிவிட்டுத் தாலி கட்ட மாட்டேன் என்று கலையரசன் முன்னமே சொல்லியிருந்தான்.

*

காலையில் டவுன் பஸ்ஸில் மூவரும் வந்து இறங்கினார்கள். முன்னால் லட்சுமியம்மாள். பின்னால் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தாடைக்குக் கீழே இழுத்துவிட்ட மாஸ்க்குமாகப் பிச்சைமுத்து. அவருக்குப் பின்னால் தலைசீவிய கலையரசன்.

"வண்டியிலியே வந்திருக்கலாமே?" என்றாள் ராஜாம்பாள்.

"பொண்ணு பாக்க எவனாச்சும் கெழங்கு வண்டில வருவானாம்மா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றார் பிச்சைமுத்து. அந்த மரியாதைதான் அன்றைக்கு எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது எல்லாவற்றையும் நடத்தி வைத்தது. அது பின்னால் வரும்.

செல்வி கேசரித் தட்டை நீட்டினாள்.

"எனக்கு சக்கரம்மா."

பஜ்ஜியை நீட்டினாள்.

"எண்ண ஒத்துக்கறதில்ல."

காப்பியை வாங்கிக்கொண்டார். வாங்கி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். நிலம் எவ்வளவு, செல்வியின் தாய்வீடு எங்கே என்று என்னென்னவோ விசாரித்தார். காப்பிமேல் ஆடை படிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று செல்வி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையாகவும் இருக்கலாம், எண்ணெயாகவும் இருக்கலாம். சன்னல் தட்டாகவும் இருக்கலாமே!

கலையரசன் தன் பங்கு கேசரியைத் தின்று முடித்தான். மாமன் பங்கையும் லட்சுமியம்மாள் வீணாக்கவில்லை. பஜ்ஜித் தட்டும் காலியானது.

"சரிம்மா, நாங்க பொறப்படறோம்" என்று பிச்சைமுத்து துண்டை உதறினார். "வூட்ல கலந்துக்கினு சொல்லி அனுப்பறன்."

தியாகதுருகத்துக்காரர்களும் இதைத்தான் சொன்னார்கள். அதே வார்த்தை. கலையரசன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ராஜாம்பாள் ஆடை படிந்த காப்பியைக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போன மூவரும் வெயிலில் வதங்கித் திரும்பி வந்தார்கள். உள் ஒதுக்கீடு கேட்டு ஊரூருக்குப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மாதம் அது. அன்று கூட்டுரோட்டில் மறியல் என்று ஆட்கள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்களாம், பஸ் ஒன்றுகூடத் தாண்டவில்லையாம். கடைகளும் ஷட்டரை இழுத்துவிட்டார்களாம், ஒரு டீத்தண்ணிக்கு வழியில்லையாம்.

"போன வாரம் மனு குடுக்க நானே கொடி புடிச்சிக்கினு போனவன்" என்று பிச்சைமுத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "இன்னிக்கி என்னியே நிறுத்திப்புட்டானுங்க. நானும் உங்க ஆளுதான்டான்னா, அப்ப நீயும் குந்துங்கறான்!"

லட்சுமியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழங்கு வண்டி இருந்திருந்தால் மலைப் பாதையைச் சுற்றிக்கொண்டு எப்போதோ வீடு சேர்ந்திருக்கலாம் என்று கலையரசன் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அது எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் மணி அடித்தது. அழைப்பு மணி இல்லை, மாத்திரை மணி. கலையரசன் போடுவது, முதல் மாத்திரை கேட்காதவர்களுக்குத் தரும் இரண்டாம் கட்ட மாத்திரை. மத்தியானச் சாப்பாட்டோடு போட்டுப் பழகியிருந்தான். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, குமட்டலும் சேர்ந்துகொள்ளும்.

"தட்டு போடு ராஜாம்மா" என்றாள் லட்சுமியம்மாள், எழுந்து.

"பொறும்மா" என்றார் பிச்சைமுத்து. "டேய் மாப்ள, செத்த தள்ளிப் போட்டுக்கோ. வூட்டுக்குப் போயி துன்னலாம்."

"எப்ப போவோம்னு தெர்லியே மாமா. அந்திவரிக்கும் குந்துவாங்கன்னு சொல்றாங்க."

"அதுக்காவ? சோத்துல கை வெச்சிட்டா அப்பறம் பேச்சு முடிஞ்சா மாரிதான். நாளைக்கி நாலு பேரு கேப்பான்."

ராஜாம்பாளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "முடிஞ்சா இன்னா? உங்க தலையில கல்லா வுழுந்துடும்? புள்ள வாடிக்கினு நிக்கறான், நாலு பேர பாக்கறீங்களே! அந்த நாலு பேரா வந்து மாத்திர குடுக்கப் போறான்?"

"இன்னாம்மா, வயசான ஆளுகிட்ட..."

"எனக்கும்தான் வயசு ஆவுது!"

இது இப்படியே போனால் கூட்டுரோட்டு மறியல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று செல்விக்குத் தெரிந்தது. அவள் கையில் ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போனால் அவளுக்கு நஷ்டம் என்பதும் தெரிந்தது. அவன் சாப்பிட்டுவிட்டால் அவள் ஜெயித்த மாதிரி. ஊர் வழக்கமே அவளுக்குச் சாட்சி சொல்லும். ஆனால் பசியில் மாட்டிக்கொண்டவனை வழக்கத்தைக் காட்டி அமுக்கிப் பிடிப்பதா? அப்படிக் கிடைக்கிற புருஷன் தனக்கு வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தன் சின்னப் பானையைத் திறந்தாள். சாமைச் சோறு, மதியத்துக்கும் ராத்திரிக்குமாக. பக்கத்துச் சட்டியில் அணை மீன் குழம்பு. முருங்கைக்கீரை. தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு பிச்சைமுத்துவின் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியவரே, இது விருந்து இல்லீங்க. எங்க வூட்ல இதுக்குப் பேரே மாத்திரச் சோறு. மருந்துக்குப் போடறது. என் பங்குலருந்து குடுக்கறன். இத வெச்சி எங்க வூட்லருந்து யாரும் உங்கள கேக்க மாட்டாங்க. நீங்க எப்ப சொல்லி அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டியும் சரி. அவுரு சாப்புட்டு மாத்திர போடட்டும்."

ராஜாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வலையில் விழுந்த மீனைத் தண்ணீரில் விடுகிறாளே பாவி என்றிருந்தது அவளுக்கு.

பிச்சைமுத்து செல்வியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மருந்துன்னா சரிதான்" என்றார் மெதுவாக. "பத்தியம்தான அது. பத்தியத்துக்கு வழக்கம் கெடையாது. துன்னுடா."

கலையரசன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் வாய் வைத்தான். கண்ணை மூடினான். போனில் எத்தனையோ நாள் காதால் சாப்பிட்ட குழம்பு அது.

"மாமா, முருங்கக்கீரைல மல்லாட்டப் பொடி தூவியிருக்காங்க" என்றான்.

"பத்தியத்த பேசாம துன்னு."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பிச்சைமுத்துவுக்கு அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பறந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வீட்டில் ஒரு வாய் கூழோடு கிளம்பியவர். கேசரி இல்லை, பஜ்ஜி இல்லை, காப்பியும் வாழைக்குப் போய்விட்டது. மீன் குழம்பு வாசனை நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அப்புறம் வாயிற்படிவரை போய் ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"இன்னா மீனு அது? கெண்டையா?"

"ஜிலேபிங்க. அணை மீனு" என்றாள் செல்வி.

"மாங்கா போட்டியா?"

"தை மாசத்துல மாங்காய்க்கு எங்கங்க போறது? புளிதான். ராத்திரி வெச்ச கொழம்பு."

"மொத நாள் கொழம்பா..." என்றார். குரல் உடைந்துவிட்டது. முதல் நாள் மீன் குழம்புக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளையின் வைராக்கியம் நின்றிருக்கிறது?

லட்சுமியம்மாள் இதற்குள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானும் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், தானும் மாத்திரைக்காரிதான் என்றாள். கலையரசன் துடைத்துவைத்த மாதிரி தட்டைக் காலி செய்து, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, தட்டைக் கழுவப் பின்கட்டுக்குப் போனான்.

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, எனக்கும் சக்கரைக்கி மாத்திர இருக்குது. சாப்புட்டுட்டுதான் போடணும். நான் சொல்லிக்கறதில்ல."

லட்சுமியம்மாளுக்குப் புரையேறிவிட்டது.

"சாமைன்னா சக்கரைக்கி நல்லதுன்னு டாக்டர் வேற சொன்னாரு" என்றார் பிச்சைமுத்து, யாரையும் பார்க்காமல்.

"இருங்க, வாழ எல அறுத்தாறன்" என்று ராஜாம்பாள் கத்தியைத் தேடினாள். அந்த நேரம் பார்த்துக் கலையரசன் கழுவிய தட்டோடு உள்ளே வந்தான். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிச்சைமுத்து தட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கலையரசன் தன்னையறியாமல் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பழக்கம். அதைச் செல்வியும் பார்த்தாள்.

பிச்சைமுத்து நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"எல வாணாம்மா. அந்தத் தட்டு போதும்" என்றார். "குடுடா இப்டி."

கலையரசன் அசையவில்லை. அவரே கையை நீட்டித் தட்டை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். செல்வி சோறு போட்டாள். கரண்டியிலிருந்து நாலு பருக்கை தரையில் விழுந்தது. அவர் அதையும் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய் என்று வேகமாகப் போனது. நடுவில் ஒரு மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, தலை நிமிராமலே பேசினார்.

"டேய் மாப்ள. அந்தத் தட்ட சன்னல்ல வெச்சது உங்க அத்த. எடுன்னு சொல்லாம பாத்துக்கினு இருந்தது நானு. இன்னிக்கி வூட்டுக்குப் போனதும் மொத வேல அதான்."

கலையரசன் சட்டென்று திரும்பிக் கோழிக்கூண்டைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. லட்சுமியம்மாள் வாய்க்குள் இருந்த சோற்றை மெல்ல மறந்தாள், அது அவள் வாழ்நாளில் நடக்காத காரியம்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா" என்றார் பிச்சைமுத்து.

செல்வி போட்டாள். அதுவும் போயிற்று. மறுபடியும் தட்டை நகர்த்தினார்.

ராஜாம்பாள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். இடுப்பில் கை. "மொதல்லியே சொல்லிப்புடறன் பெரியவரே. மொத தடவ துன்னது மருந்து, ஒத்துக்கறன். ரெண்டாவது தடவயும் போனா போவுது. மூணாவது தடவ துன்னா அதுக்குப் பேரு விருந்து. அப்பறம் வார்த்த மாறப்படாது."

பிச்சைமுத்து அவளைப் பார்த்தார். சட்டியில் மிச்சமிருந்த மீன் துண்டைப் பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப விருந்துன்னே வெச்சிக்க, சம்மந்தி. போடச் சொல்லு."

சம்மந்தி! பெறாதவளுக்கு அந்தப் பட்டம் கிடைக்கும் என்று ராஜாம்பாள் கனவிலும் நினைத்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியைத் தானே பிடுங்கி, இருந்த சோற்றை எல்லாம் அவர் தட்டில் கவிழ்த்துவிட்டாள். கவிழ்த்த பிறகுதான் பானையின் அடியைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, நீ இன்னும் துன்னலியே!"

ஆமாம், காலையிலிருந்து செல்வி ஒன்றும் தின்னவில்லை. பயத்தில் கேசரியும் இறங்கவில்லை. வேண்டாம் அத்தே, பசியே இல்லை என்று அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். லட்சுமியம்மாளின் முகம் கறுத்தது, ஒரு பெரிய பேச்சு கிளம்பத் தயாரானது. அதற்குள் கலையரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டான்.

"முட்ட இருக்குதா?"

இருந்தது. தவிட்டுச் சட்டியில், கருங்கோழியை அடைவைக்க என்று ராஜாம்பாள் சேர்த்துக்கொண்டு வந்த முட்டைகள். அதன்மேல் யார் நிழல் பட்டாலும் அவள் ஆடிவிடுவாள். மருமகளுக்கு அன்றாட முட்டை கொடுப்பவள் இந்தச் சட்டியிலிருந்து மட்டும் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. இப்போது அந்தச் சட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்து கலையரசன் கையில் கொடுத்தாள்.

"கோழி கெடக்கிது, அடுத்த மாசம் குந்தட்டும். ஒடைச்சி ஊத்து."

மலைமேல் கிழங்கு லோடுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஸ்டவ் வைத்துத் தானே சமைத்துத் தின்கிறவன் அவன். வெங்காயத்தை அரிந்தான், முருங்கைக்கீரையை உருவிப் போட்டான், மிளகைத் தட்டினான். ரெண்டு முட்டை அடை தட்டில் வந்து விழுந்தது, ஓரமெல்லாம் முறுகி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அடுப்படியில் நிற்க, பெண் கூடத்தில் உட்கார்ந்து தின்கிற அதிசயத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரி வேலிமேல் ஏறியே விட்டாள்.

செல்வி பிட்டு வாயில் வைத்தாள். எதிரில் பிச்சைமுத்து மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லட்சுமியம்மாள் மறியலுக்கு வழி காட்டினவனுக்குக் கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாசம் கட்டாயம் அடைவைக்கறேன் என்று ராஜாம்பாள் கருங்கோழியிடம் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள். கலையரசன் தோசைக்கரண்டியோடு வாசலில் சாய்ந்து நின்று, போனில் கேட்பதுபோலவே கேட்டான்:

"உப்பு சரியா இருக்குதா?"

தலையாட்டினாள். பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது, சந்தோஷத்தில்தான். இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. வாயில் சிரிப்பும் முட்டையும் ஒன்றாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தவள் திகைத்துப்போனாள். ஒதுக்கி வைக்கிற அந்த நாலு வாய் எங்கே?

காலித் தட்டைத் தூக்கி அடுப்படிப் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் ஒண்ணு ஊத்துங்க" என்றாள். "பசிக்கிது."